மொட்டை மாடியில் கண்ணகி: மெட்ராஸ் பாஷையில் கோடை நாடகம் போடுவது எப்படி?

மே மாதம் வந்தால் ராயபுரத்தில் எங்கள் தெருவே மொட்டை மாடிக்குக் குடிபோய்விடும். அந்த மாடியில்தான் மூன்று கோடையாக நாடகம் போட்டுவருகிறோம். எங்களில் யாருக்கும் நடிப்பு தொழில் இல்லை. அப்படிப்பட்டவர்கள் நாடகம் போடுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை, 1891-லேயே பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார், ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்று தமிழில் எழுதினார். எங்களுடைய ஒரே பிடிவாதம், காவியத்தை எங்கள் பேச்சில் பேச வேண்டும் என்பதுதான்.

முதலில் ஒரு காட்சி, ஒன்றே ஒன்று. சிலப்பதிகாரத்தில் 30 காதைகள் இருக்கின்றன, உங்களுக்கு வழக்குரை காதை போதும். கண்ணகி, பாண்டியன், அரசி, வாயிற்காவலன் என நாலு பேர், இருபது நிமிடம். வழக்கு இருக்கிறது, உடைத்துக் காட்ட சிலம்பு இருக்கிறது, தீர்ப்பும் உடனே வந்துவிடுகிறது. கதை தெரியாதவர்கூட எழுந்து போகமாட்டார்.

அடுத்தது பேச்சு. பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். புதிதாக எழுதுகிறவர்கள் கஸ்மாலம், பேஜாரு, டபாய்க்கிறது என்று வரிக்கு வரி அள்ளிப் போடுவார்கள், ஏனென்றால் சினிமாவில் இந்தப் பாஷை பெரும்பாலும் சிரிப்புக்குத்தான் வந்திருக்கிறது. அந்தச் சொற்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். மெட்ராஸ் பாஷையின் உயிர் ‘கீது’, ‘சொல்லிகினு’, ‘உன்னாண்ட’, ‘அப்பால’ மாதிரி யாரும் கவனிக்காத சின்னச் சொற்களிலும், பேசும் வேகத்திலும் இருக்கிறது. ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ என்பதை நாங்கள் ‘இன்னா ஏதுன்னு விசாரிக்காத ராசா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்’ என்று வைத்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்ற இடத்தில் ‘நான் இன்னா ராசா? நான்தான் திருடன்’, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தாலும் கெட்டுவிடும்.

இதை மேசையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். இந்தப் பாஷையிலேயே பிறந்து வளர்ந்தவரிடம் கதையைச் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, போனில் பதிவு செய்து, அதிலிருந்து எழுதுங்கள். எங்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது தெருவில் மீன் விற்கும் அக்கா. கண்ணகி பேசுவதை முழுதாகக் கேட்டுவிட்டு, ‘இவ இவ்ளோ பேசிகினு கீறா, அந்த ராணி இன்னா பண்ணிகினு இருந்தா?’ என்று கேட்டார். எங்களில் ஒருவரும் அதை யோசித்திருக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் அரசி முதல் வரியிலிருந்தே மேடையில் நிற்கிறாள், ஒரு வார்த்தையும் பேசாமல்.

சரி, இடம். கடற்கரைக்கு ஆசை வரும், வேண்டாம். அலைச்சத்தம் குரலை விழுங்கிவிடும், அனுமதிக்கும் அலைய வேண்டும். மொட்டை மாடியே நல்லது, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஐம்பது பேருக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள், குழந்தைகளைக் கைப்பிடிச் சுவர் பக்கம் விடாதீர்கள். அப்புறம் காற்று, இது ரொம்ப முக்கியம். கோடையில் சாயங்காலம் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். நடிப்பவர்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் காற்றே குரலைக் கூட்டத்திடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடும், மைக் தேவைப்படாது. முதல் வருஷம் நாங்கள் இதை மாற்றி வைத்தோம், கண்ணகி தொண்டை கிழியக் கத்தியும் மூன்றாவது வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு மறுநாள் பேச்சே வரவில்லை, எனக்கு இன்னும் அது வருத்தம்தான்.

விளக்குக்கு இரண்டு எல்இடி ஃப்ளட் லைட் போதும், இரண்டு பக்கமும் தலைக்குக் கொஞ்சம் மேலே கட்டுங்கள். தரையில் வைத்தால் முகம் பேய் மாதிரி தெரியும். கரண்ட் போனால் எடுக்க ஒரு எமர்ஜென்சி லைட்டைச் சார்ஜ் போட்டு வையுங்கள்.

ஒத்திகைக்கு நாலு வாரம், வாரம் மூன்று சாயங்காலம். முதல் வாரம் யாரும் மனப்பாடம் செய்யக்கூடாது, காட்சியைத் தன் சொந்த வார்த்தையில் சண்டை போடுகிற மாதிரி பேசிப் பார்க்க வேண்டும். வரிகளை இரண்டாம் வாரத்தில் கொடுங்கள், அப்போது தானாக ஒட்டிக்கொள்ளும்.

நாடகத்தன்று ஐந்து மணிக்கே தளத்தில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜமக்காளத்தையும் மீறிச் சூடு ஏறும். ஆறரை வாக்கில் சூரியன் மறையும், ஏழு மணிக்கு ஆரம்பியுங்கள். ஒரு குடம் நீர்மோர் கண்டிப்பாக வேண்டும், கூட்டத்துக்கு மட்டும் இல்லை, நடிப்பவர்களுக்கும்.

கடைசியில் பாண்டியன் விழுந்து, அரசியும் விழுந்த பிறகு, மனசுக்குள் பத்து எண்ணும்வரை விளக்கை அணைக்காதீர்கள். கைத்தட்டல் உடனே வராது. அதற்காகப் பதறி, விழுந்து கிடப்பவர்களை எழுப்பி வணக்கம் வைக்கச் சொல்லிவிடாதீர்கள்.