மோட்டாரை போர்டில் சோல்டர் செய்யாதீர்கள்
ஆய்வுகூடத்துக்குக் காந்தக் கலக்கி (காந்தத்தைச் சுழற்றித் திரவத்தைக் கலக்கும் கருவி) மாதிரி ஏதாவது நீங்களே செய்வதென்றால் மோட்டார், ஃபேன், சென்சர் மூன்றின் வயரையும் நேரே சர்க்யூட் போர்டில் சோல்டர் செய்யாமல் எக்ஸ்எச் (XH) கனெக்டர், அதாவது செருகிக் கழற்றக்கூடிய சிறிய பிளாஸ்டிக் இணைப்பான், வழியாக மாட்டுங்கள். மோட்டாருக்கு 2 பின், ஃபேனுக்கு 3, சென்சருக்கு 4 என்று வேறு வேறாக எடுத்தால் ஒன்றின் இடத்தில் மற்றதைத் தவறி மாட்டும் வாய்ப்பு குறைவு. திருகாணி எல்லாமே எம்3 (3 மி.மீ. விட்டம்) ஆக, ஒரே மாதிரித் தலையுடன் இருக்கட்டும், ஒரே திருப்புளி போதும்.

இப்படிப்பட்ட கருவிகளில் முதலில் போவது பெரும்பாலும் சுழலும் பாகம்தான், போர்டு இல்லை. ஃபேன் இறுகிப்போனால் நான்கு திருகாணியைக் கழற்றிப் பழையதை உருவி, கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய புதியதைச் செருகினால் சரி, சோல்டரிங் தெரியாத மாணவரும் செய்துவிடலாம்.

ஆனால் 230 வோல்ட் லைனுக்கும் ஹீட்டருக்கும் இது வேண்டவே வேண்டாம், அந்தக் கனெக்டர் 3 ஆம்பியர்தான் தாங்கும். தெர்மோகப்பிளுக்கும் (இரண்டு வேறு உலோகக் கம்பிகளால் வெப்பநிலை அளக்கும் சென்சர்) ஆகாது: சாதாரணப் பின்னின் உலோகம் வேறு என்பதால் அந்த இணைப்பு சூடானால் வெப்பநிலை பிழையாகக் காட்டும், அதற்கென்றே இருக்கும் கனெக்டரை வாங்குங்கள். அப்புறம், அமில ஆவி படும் இடத்திலும் பின் சீக்கிரம் அரித்துவிடும்.