ரவுட்டர் வாங்கும் முன் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் போய் "வீட்டுக்கு ஒரு வைஃபை ரவுட்டர் வேணும்" என்றாலும், முதலில் வரும் கேள்வி "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்பதுதான். பட்ஜெட்டைச் சொல்வதற்கு முன் மூன்று விஷயங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் இணைப்பின் வேகம் என்ன? உங்கள் லேப்டாப் எவ்வளவு வேகத்தை வாங்கும்? ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் எத்தனை சுவர்? இதில் எது குறைவோ, அந்த வேகம்தான் கடைசியில் உங்களுக்குக் கிடைக்கும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

முதல் படி: வாங்கத்தான் வேண்டுமா?

சென்னையில் இப்போது பெரும்பாலும் ஃபைபர் இணைப்புதான். இணைப்பு கொடுக்க வந்தவர் சுவரில் மாட்டிவிட்டுப் போன சின்னப் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். அதைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அச்சிட்டிருந்தால் அதற்குள்ளேயே ரவுட்டர் இருக்கிறது. இரண்டு பெயர்கள் இருந்து, ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருந்தால் இன்னும் நல்லது. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிக்கிறது, மொபைல் 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியும் வேகம் வரவில்லை என்றால் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே, பால்கனிக் கதவோரமாகவோ டிவிக்குப் பின்னாலோ மாட்டிவிட்டுப் போவது வழக்கம். பக்கத்தில் இரும்பு பீரோ நின்றால் கேட்கவே வேண்டாம், உலோகம் சிக்னலை மறித்துவிடும். பெட்டியை ஹாலின் நடுப்பக்கமாக, தலை உயரத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பல வீடுகளில் செலவு அதோடு முடிந்துவிடும்.

இரண்டாம் படி: பிளானைப் பாருங்கள்

மாத பில்லில் வேகம் போட்டிருக்கும். அது 100 எம்பிபிஎஸ்ஸுக்குள்ளா, மேலேயா என்பது தெரிந்தால் போதும். இது ஏன் முக்கியம் என்பதற்கு நான்காம் படியில் வருகிறேன்.

மூன்றாம் படி: லேப்டாப் என்ன சொல்கிறது?

பலரும் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்டு இன்டர்நெட், வைஃபை என்று உள்ளே போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் ப்ராப்பர்டீஸைத் திறங்கள். புரோட்டோகால், நெட்வொர்க் பேண்ட், லிங்க் ஸ்பீடு என்று மூன்று வரிகள் இருக்கும்.

லிங்க் ஸ்பீடு 72 என்று இருப்பதைப் பழைய லேப்டாப்களில் அடிக்கடி பார்க்கலாம். லேப்டாப் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற வேகம் குறைந்த அலைவரிசையில் ஒரே ஒரு ஆன்டெனாவை வைத்துப் பேசுகிறது என்று அர்த்தம். லிங்க் ஸ்பீடு என்பது காகிதக் கணக்கு. உண்மையில் கையில் கிடைப்பது அதில் பாதி, நன்றாக இருந்தால் கொஞ்சம் கூட. அதாவது 40, 50 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டிவிட்டு 40தான் வருகிறது என்று கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை போடுபவர்களில் பலருக்குச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 433 என்று வந்தால் 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபை 5, அதாவது வைஃபையின் ஐந்தாம் தலைமுறை, வேலை செய்கிறது, 866 என்றால் அதிலேயே இரண்டு ஆன்டெனா.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்த எண் இப்போதிருக்கும் ரவுட்டரையும் பொறுத்தது. லேப்டாப்பின் சொந்தத் திறன் தெரிய, டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸைத் திறந்து வைஃபை அடாப்டரின் மாடல் பெயரை எடுத்துக் கூகுளில் தேடுங்கள். அதன் விவரத்தில் வைஃபை வகை 802.11 பி, ஜி, என் என்பதோடு நின்றால் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ஏசி இருந்தால் வைஃபை 5, ஏஎக்ஸ் இருந்தால் வைஃபை 6.

2.4 மட்டும்தான் என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். யுஎஸ்பியில் செருகும் டூயல் பேண்ட் வைஃபை டாங்கிள் 1,000 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஓஎன்டியில் ஏற்கெனவே 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் ரவுட்டரே வேண்டாம், டாங்கிள் போதும்.

நான்காம் படி: அட்டைப்பெட்டி எண்களைப் படிப்பது

பெட்டியின் முன்பக்கம் என்300, ஏசி1200, ஏஎக்ஸ்1500 என்று பெரிதாக எழுதியிருக்கும். ஏசி1200 என்றால் 1200 வேகம் வரும் என்று நினைக்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டிக் கொஞ்சம் மேலே ஏற்றி எழுதிய எண் அது. லேப்டாப் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பொதுவாக இணையும். நான்கு ஆன்டெனா, ஆறு ஆன்டெனா என்பதற்கும் மயங்க வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது பெட்டியின் பின்பக்கம், சின்ன எழுத்தில் இருக்கும் போர்ட் (ஒயர் செருகும் துளை) விவரம். 10/100 எம்பிபிஎஸ் என்று இருந்தால், வைஃபை எத்தனை வேகமாக இருந்தாலும் இணையம் 95 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. ஓஎன்டியிலிருந்து வரும் ஒயர் அந்த போர்ட் வழியாகத்தானே உள்ளே வர வேண்டும்? 10/100/1000 அல்லது கிகாபிட் என்று இருப்பதுதான் 100க்கு மேற்பட்ட பிளானுக்குச் சரி. ஏசி1200 என்ற ஒரே பெயரில் இரண்டு வகையும் விற்கிறார்கள், வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். இன்றைக்கு 50 எம்பிபிஎஸ் பிளானில் இருந்தாலும் அந்தச் சில நூறைக் கொடுத்து கிகாபிட் வாங்குங்கள் என்றே சொல்வேன். பிளானை ஏற்றும்போது மறுபடி செலவு வராது.

என்300 ரகம் 1,000 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைத்தாலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேண்டவே வேண்டாம். அது 2.4 மட்டும்தான். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. வேளச்சேரியிலோ வளசரவாக்கத்திலோ ஒரு பிளாட்டில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பக்கத்து வீடு, மேல் வீடு, எதிர் வீடு என்று வரிசையாக வரும். அத்தனை பேரும் அந்த மூன்று சேனலில்தான் நெரிகிறார்கள்.

கிகாபிட் ஏசி1200 பொதுவாக 2,500 ரூபாயைச் சுற்றி இருக்கும், வைஃபை 6 அதற்குக் கொஞ்சம் மேலே. லேப்டாப்பில் வைஃபை 6 இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

ஐந்தாம் படி: சுவர்களை எண்ணுங்கள்

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். இரண்டு படுக்கையறை பிளாட்டுக்கு ஒரு ரவுட்டர் தாராளம். தரைத்தளமும் மாடியுமாக உள்ள தனி வீட்டில், கான்கிரீட் தளத்தைத் தாண்டி வேகம் வரும் என்று விலை உயர்ந்த ரவுட்டரை வாங்காதீர்கள். மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இரண்டாவதாக ஒரு சாதாரண ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது ஒயரில் வரும் நெட்டை அங்கே வைஃபையாகப் பரப்ப மட்டும், வைப்பதுதான் சிக்கனம். கேபிள் கேட்-5இ அல்லது அதற்கு மேல் இருக்கட்டும், முனையில் உள்ளிருக்கும் எட்டு கம்பியையும் பிளக்கில் பொருத்தி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். நான்கு கம்பியோடு விட்டால் 100 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றுவிடும்.

ஆறாம் படி: வாங்குவது

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சீல் பிரிக்காத பெட்டியா என்று பாருங்கள், ஏடிஎஸ்எல் என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது பழைய தொலைபேசிக் கம்பி இணைப்புக்கானது. சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் கட்டாயம். பில் இல்லாமல் 200 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நாளைக்கு வாரன்டி கேட்க அந்தக் காகிதம்தான் உதவும்.

அடாப்டரில் 12 வோல்ட் என்று இருக்கும் மாடலாகப் பாருங்கள். கரன்ட் போகும்போது ரவுட்டரைத் தாங்கும் மினி யுபிஎஸ்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டுக்குத்தான் வருகின்றன. அப்படி வாங்கினால் ஓஎன்டிக்கும் சேர்த்து மின்சாரம் தருவதாக வாங்குங்கள். அது அணைந்துவிட்டால் ரவுட்டர் மட்டும் எரிந்து என்ன பயன்?

ஏழாம் படி: இணைத்துச் சோதிப்பது

ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து புது ரவுட்டரில் இணையம் உள்ளே வரும் வான் போர்ட்டுக்கு ஒயர் போடுங்கள். வான் போர்ட் பெரும்பாலும் தனி நிறத்தில் இருக்கும். செட்டப் பக்கத்தில் இணைப்பு வகை கேட்கும்போது டைனமிக் ஐபியை முதலில் போட்டுப் பாருங்கள். நெட் வரவில்லையென்றால் பிபிபிஓஇயைத் தேர்ந்தெடுத்து, உங்கள் இணைய கம்பெனி தந்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுங்கள். அப்படியும் வராவிட்டால் பழைய கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) அவர்கள் பூட்டி வைத்திருக்கக்கூடும், போன் செய்து புதியதைப் பதியச் சொன்னால் போதும்.

அப்புறம் செட்டப் பக்கத்தைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபையின் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். 2.4க்கும் 5க்கும் தனித்தனிப் பெயர் வைத்து, லேப்டாப்பை 5ல் மட்டும் இணையுங்கள்.

கடைசியாக, ரவுட்டர் பக்கத்தில் ஒரு தடவை, நீங்கள் வழக்கமாக உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தில் ஒரு தடவை ஸ்பீட் டெஸ்ட் எடுங்கள். பக்கத்திலேயே பிளான் வேகம் வரவில்லை என்றால் லேப்டாப்பை ஓஎன்டியில் நேராக ஒயரில் செருகிப் பாருங்கள். அங்கே வேகம் வந்தால் ரவுட்டரையோ இடையில் போட்ட கேபிளையோ சந்தேகப்படுங்கள், அங்கேயும் வராவிட்டால் இணைய கம்பெனியிடம் கேளுங்கள். மாற்றிக்கொடுக்கும் கெடு முடிவதற்குள், இரவு எட்டு ஒன்பது மணிக்கு எல்லோரும் நெட் பார்க்கும் நேரத்திலும் இந்தச் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.