முன்பணம் கொடுத்து ஓவியம் வரையச் சொல்லும்போது

ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக வரையப்படும் ஓவியத்தை, அவர் பாதியில் பின்வாங்கிவிட்டால், வேறு யாரிடமும் விற்பது கடினம். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே பணம் கேட்கும் ஓவியரை அந்தக் காரணத்துக்காகவே சந்தேகிப்பது நியாயமன்று. எந்தக் கட்டத்திலும் நீங்கள் கொடுத்த பணம், நீங்கள் கண்ணால் கண்ட வேலையைவிட எவ்வளவு முந்திச் சென்றிருக்கிறது என்பதைத்தான் கணக்கிட வேண்டும். அந்த இடைவெளி சிறியதாக இருந்தால், ஏமாற்றப்பட்டாலும் இழப்பு சிறியதாகவே இருக்கும்.

முதலில், காட்டப்படும் மாதிரிப் படங்கள் அவர் வரைந்தவைதானா என்று பாருங்கள். கூகுள் லென்ஸ், டின்ஐ போன்ற படத்தேடல் கருவிகளில் அவற்றை இட்டுத் தேடினால், வேறொருவரின் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை பெரும்பாலும் அகப்பட்டுவிடும். திருடுபவர்கள் படத்தை இடவலமாகத் திருப்பியோ ஓரங்களை வெட்டியோ வெளியிடுவது உண்டு என்பதால், திருப்பிய வடிவத்தையும் ஒருமுறை தேடிவிடுவது நல்லது. அதைவிட உறுதியான சான்று, வேலை நடந்த தடம். வரைதல் செயலியில் படத்தின் தனித்தனி அடுக்குகள் தெரியும்படி எடுத்த திரைப்பிடிப்பையோ, ப்ரோகிரியேட் போன்ற செயலி தானாகவே பதிவுசெய்யும் வரைதல் காணொளியையோ, தாளில் வரைபவராயின் பாதி முடிந்த நிலையில் எடுத்த ஒளிப்படத்தையோ பணிவாகக் கேளுங்கள். இன்று கணினியே உருவாக்கிய படத்தைத் தன் கையால் வரைந்ததாகச் சொல்லி விற்பவர்களும் இருப்பதால், முடிந்த படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க இயலாது. பெயர்பெற்ற ஓவியரின் கணக்கைப்போலவே ஓரெழுத்து மட்டும் மாறிய போலிக் கணக்குகளும் உள்ளன; அவருடைய நெடுங்காலப் பக்கத்தில் தரப்பட்டிருக்கும் தொடர்பு வழியிலேயே எழுதுங்கள்.

பணம் அனுப்பும் முன் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை உருவங்கள், பின்னணி உண்டா, எந்த அளவில் எந்தக் கோப்பு வடிவில் தரப்படும், எத்தனை திருத்தங்கள் விலைக்குள் அடங்கும், எந்தத் தேதிக்குள் முடியும், நடுவில் நின்றுபோனால் எவ்வளவு திரும்ப வரும் என்பனவெல்லாம் ஒரே மின்னஞ்சலில் இருந்தால் போதும். பயன்பாட்டு உரிமையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். படத்துக்குப் பணம் கொடுத்துவிட்டதாலேயே எல்லா நாடுகளிலும் பதிப்புரிமை கைமாறிவிடாது. பெரும்பாலான நாடுகளில், சுயமாகத் தொழில் செய்யும் ஓவியரிடமிருந்து அதை எழுத்து மூலமே பெற வேண்டியிருக்கிறது; இந்தியாவிலோ, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து வரையச் சொன்னவரே ஓவியத்தின் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர். நூலின் அட்டையில் அச்சிடவோ விற்பனைப் பொருளில் பயன்படுத்தவோ எண்ணம் இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். விலை கூடலாம், அது முறையானதே.

தொகையை மூன்றாகப் பிரித்து, வேலை தொடங்கும்போது ஒரு பங்கும், முதல் வரைவை நீங்கள் ஏற்றபின் ஒரு பங்கும், முழு அளவுக் கோப்பைப் பெறும்போது கடைசிப் பங்கும் கொடுப்பது இரு தரப்புக்கும் பொருந்தும். முடிந்த படத்தை அவர் சிறிய அளவில், மேலே தன் பெயர் பதித்துக் காட்டலாம். அது அவருடைய பாதுகாப்பு. மிகச் சிறிய வேலைக்கு இவ்வளவு தேவையில்லை.

எந்த வழியில் பணம் செல்கிறது என்பது எவ்வளவு செல்கிறது என்பதற்கு நிகராக முக்கியம். பரிசு அட்டையாகவோ கிரிப்டோ நாணயமாகவோ அனுப்பியதைத் திரும்பப் பெறுவது ஏறக்குறைய நடவாது. வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பியதும் எளிதில் மீளாது. இணையவழிப் பணப்பரிமாற்றச் சேவையான பேபாலில் நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் அனுப்பும் வகையில் செலுத்தினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. கட்டணத்தை மிச்சப்படுத்த அப்படி அனுப்பச் சொன்னால் மறுத்துவிட்டு, கட்டணத்தையும் உள்ளடக்கிய விலையைப் பேசிக்கொள்ளுங்கள். வேலை தருபவரையும் செய்பவரையும் இணைக்கும் அப்வொர்க் போன்ற இடைநிலைத் தளங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கான பணமும் தளத்தின் பொறுப்பில் வைக்கப்படும். ஆனால் வேலை ஒப்படைக்கப்பட்ட பின் குறிப்பிட்ட நாட்களுக்குள் நீங்கள் பதில் சொல்லாவிட்டால் அது தானாகவே விடுவிக்கப்பட்டுவிடும். எனவே வந்த கோப்பை அன்றே திறந்து பாருங்கள்.

மோசடியைவிட அதிகமாகப் பணத்தை விழுங்குவது தாமதம் என்பது என் கருத்து. பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் முறையீட்டைத் தொடங்க வேண்டும். தொடங்கியபின் 20 நாட்களுக்குள் அதைக் கோரிக்கையாக, அதாவது பேபாலே முடிவு சொல்ல வேண்டிய வழக்காக, உயர்த்தாவிட்டால் அது தானாக மூடப்பட்டுவிடும். உடல்நலமில்லை, கணினி பழுது, அடுத்த வாரம் நிச்சயம் என்று வரும் பதில்கள் உண்மையாகவே இருக்கலாம். இருந்தும் அந்த நாட்கள் உங்களுக்காக நிற்பதில்லை. பணம் அனுப்பிய அன்றே நாட்காட்டியில் 150ஆம் நாளைக் குறித்துவையுங்கள். அதுவரை வேலை வராவிட்டால், கடைசித் தேதி ஒன்றைக் குறிப்பிட்டுக் கனிவாக எழுதுங்கள். அந்தத் தேதியும் கடந்தால் தயங்காமல் முறையிடுங்கள். இரக்கப்பட்டுக் காத்திருப்பவர்களே இதில் அதிகம் இழக்கிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஏமாற்றப்பட்டது உறுதியானால், அவரைப் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டும் முன் உரையாடல்களையும் ரசீதுகளையும் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கணக்கு மறைந்தால் சான்றும் மறைந்துவிடும். பேபாலிடம் கோரிக்கையையும் கடன் அட்டை வங்கியிடம் முறையீட்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள். வங்கியிடம் சென்றதும் பேபால் தன் பக்கக் கோரிக்கையை மூடிவிடும். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி முன்கட்டணம் கேட்டு எவரேனும் அணுகினால், அவருக்கு எதையும் அனுப்பாதீர்கள்.