ரூக்கி கோப்பை கார்டுகளைச் சேர்ப்பது எப்படி?

பேஸ்பால் கார்டு சேர்க்க ஆரம்பிக்கிற எல்லோரும் முதலில் ஓடுவது ரூக்கி கார்டை, அதாவது புதுமுக வீரரின் முதல் கார்டைத் தேடித்தான். தப்பில்லை. ஆனால் ரூக்கி கார்டு பெரும்பாலும் ஒரு நம்பிக்கைதான், அது அச்சாகிற நேரத்தில் அந்த வீரர் பெரிய லீக்கில் (வட அமெரிக்காவின் உச்சநிலை பேஸ்பால் போட்டி) பெரிதாக எதையும் செய்திருக்க மாட்டார். முதல் சீசனிலேயே சாதித்துக் காட்டியவர்களுக்கென்று வேறொரு கார்டு இருக்கிறது: படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு தங்கக் கோப்பை அச்சிட்ட, டாப்ஸ் நிறுவனத்தின் கார்டு. விலையும் பல வீரர்களுக்கு ரூக்கி கார்டை விடக் குறைவுதான். அதனால் என்னைக் கேட்டால் புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும்.

விஷயம் இதுதான். 1959 முதல் டாப்ஸ் அந்தந்த ஆண்டின் சிறந்த புதுமுகங்களைப் பொறுக்கி ஆல்-ஸ்டார் ரூக்கி அணி என்று ஒன்றை அறிவிக்கிறது. அதில் இடம் பெற்றவரின் அடுத்த ஆண்டுக் கார்டில் கோப்பை வரும். 1960-இல் மட்டும் இவர்களுக்குத் தனியாக 10 கார்டுகள் போட்டார்கள், அதில் 316-ஆம் எண் வில்லி மெக்கோவி. அவருக்கு அதுவே ரூக்கி கார்டும் என்பதால் மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1978-இல் வந்த எடி மர்ரேயும் (எண் 36) அதே கதை.

தேடும்போது ஆண்டுக் கணக்கைக் கவனியுங்கள், பலர் குழம்புவது இங்கேதான். வீரர் ரூக்கியாக ஆடிய சீசனோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். பீட் ரோஸின் ரூக்கி கார்டு 1963-இல், இன்னும் மூன்று பேரோடு ஒரே கார்டில் முகம் மட்டும் தெரிகிற மாதிரி வந்தது. கோப்பையோடு அவர் தனியாக நிற்பது 1964 கார்டில் (எண் 125). கென் கிரிஃபி ஜூனியருக்கு 1990, ஆரன் ஜட்ஜுக்கு 2018, ஷோஹெய் ஒஹ்தானிக்கு 2019. மைக் ட்ரவுட் கொஞ்சம் சிக்கலானவர்: 2011-லேயே பெரிய லீக்குக்கு வந்துவிட்டார், ரூக்கி கார்டும் அந்த ஆண்டே வந்துவிட்டது, ஆனால் 130 அட்-பேட்டை (மட்டை பிடித்து ஆடிய முறைகள்) தாண்டாததால் விதிப்படி 2012-லும் அவர் ரூக்கிதான், ஆகவே கோப்பை 2013 கார்டில் (எண் 27). டெரெக் ஜெட்டரின் ரூக்கி கார்டுகள் 1993-இல் வந்தவை, கோப்பையோ 1997-இல்தான். அப்புறம், 1980-களின் முற்பாதியில் கோப்பையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அப்போது அதைப் போடவில்லை. 1987-இல்தான் திரும்ப வந்தது.

விற்பவர்களில் சிலர் கோப்பை கார்டையே "ரூக்கி கார்டு" என்று தலைப்புப் போட்டு விலையை ஏற்றி விடுவார்கள். 2006-க்குப் பிந்தைய கார்டு என்றால் பிரச்சினையே இல்லை, அதிகாரபூர்வ ரூக்கி கார்டில் ஆர்.சி. (ரூக்கி கார்டு என்பதன் சுருக்கம்) என்ற முத்திரை இருக்கும். கோப்பை இருந்து முத்திரை இல்லையென்றால் அது ரூக்கி கார்டு இல்லை, அதற்கேற்ற விலையைத்தான் கொடுக்க வேண்டும். பழைய கார்டுகளுக்கு எண்ணையும் ஆண்டையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

எனக்கு மிகவும் பிடித்தது 1971 தர்மன் மன்சன், எண் 5. அகலவாக்கில் அச்சான படம், ஹோம் பிளேட்டில் (ஓட்டம் முடியும் தளம்) புழுதி பறக்க ஓட்டக்காரரை மடக்குகிறார், அதே கார்டில் கோப்பை. அழகு! ஆனால் அந்த ஆண்டுக் கார்டுகளின் பார்டர் முழுக்கக் கறுப்பு, ஓரம் துளி உரிந்தாலும் வெள்ளை பல்லைக் காட்டும். அதை மறைக்கக் கறுப்பு மார்க்கரால் தீட்டி விற்கிறவர்கள் உண்டு. கார்டை முன்பக்கமாக மட்டும் பார்க்காமல் பக்கவாட்டில் திருப்பி வெளிச்சத்தில் விளிம்பைப் பாருங்கள்: அட்டையின் வெட்டுமுகம் வெளிறித்தான் இருக்க வேண்டும், அங்கே மை ஊறியிருந்தால் வாங்காதீர்கள். இணையத்தில் வாங்குவதானால் நான்கு விளிம்புகளையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

1980-களின் கடைசி, 1990-களின் தொடக்கக் கார்டுகள் அளவுக்கு மீறி அச்சடிக்கப்பட்டவை. 1987 ஹோசே கன்சேகோ, 1988 மார்க் மக்வயர் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். அதனால் மூலை மழுங்கியதையோ, படம் ஒரு பக்கமாக ஒதுங்கியதையோ எடுக்காதீர்கள், பொறுமையாக நல்லதாகப் பார்த்து வாங்கலாம். கார்டின் நிலையை மதிப்பிடும் தரச்சான்றுக்கு அனுப்பும் கட்டணம் பெரும்பாலும் கார்டின் விலையையே தாண்டிவிடும், இந்தக் காலத்துக் கார்டுகளுக்கு அது தேவையில்லை. பழைய ரோஸ், மன்சன், 1968 டாம் சீவர் மாதிரியானவற்றுக்கு மட்டும் ஏற்கெனவே சான்று பெற்று உறையிட்டதை வாங்குவது நிம்மதி, போலிகள் அதிகம்.

எல்லா ஆண்டுகளையும் ஒரேயடியாகப் பிடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு ஆண்டின் ரூக்கி அணியை முழுதாகச் சேருங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குப் பிடித்த ஒரே அணியின் கோப்பை வீரர்களை மட்டும் எடுங்கள். அப்படிச் சேர்க்கும்போது பிற்பாடு பெயரே கேள்விப்படாமல் போனவர்களும் வருவார்கள், அவர்களைத் தள்ளிவிடாதீர்கள், அந்த ஒரு சீசனில் அவர்களும் சிறந்தவர்கள்தான். வாங்கியதை மெல்லிய உறையில் போட்டு, அதன் மேல் கெட்டியான பிளாஸ்டிக் உறையும் போட்டு, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். ரப்பர் பேண்ட் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.