பல்லியும் புழுவும் சேர்ந்தே வளர்ந்தனவா? எச்சத்திலிருந்து தொடங்குங்கள்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் விலங்கியல் புராஜெக்ட்டுக்கு யோசனை கேட்டு வரும் பிள்ளைகள் எடுத்த எடுப்பிலேயே உடும்பு, மலைப்பாம்பு என்பார்கள். இரண்டும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. ரோட்டில் அடிபட்டுக் கிடந்தாலும் அனுமதியில்லாமல் தொடாதே கண்ணு என்று சொல்லிவிட்டு, சுவரைக் காட்டுவேன். வீட்டுப் பல்லி போதும். அதன் உடலில் வாழும் ஒட்டுண்ணிகள் பல்லி இனங்களோடு சேர்ந்தே பரிணமித்தனவா என்று பார்க்கலாம். அவற்றின் முட்டைகள் பல்லியின் எச்சத்தில் கிடைக்கும்.

இரவு டியூப்லைட்டுக்குக் கீழே செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் புது எச்சத்தைக் கையுறை போட்டு எடுங்கள், சால்மோனெல்லா இருக்கலாம். வெள்ளை நுனி யூரிக் அமிலம், அதைத் தள்ளிவிடுங்கள். 100 மில்லி வெந்நீரில் 40 கிராம் உப்பைக் கலக்கி ஆறவிட்டால் கொஞ்சம் அடியில் தங்கும். மேலே நிற்கும் தெளிவான நீரின் அடர்த்தி சுமார் 1.2. அதில் எச்சத்தைக் கரைத்து வடிகட்டி, சின்னக் குப்பியில் விளிம்பு தளும்ப ஊற்றி, கவர்சிலிப் என்னும் மெல்லிய கண்ணாடித் துண்டை மேலே வைத்து 20 நிமிடம் விடுங்கள். முட்டைகள் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். மைக்ரோஸ்கோப்பில் முதலில் 100 மடங்கு, பிறகு 400.

முட்டையைப் பார்த்ததும் துள்ள வேண்டாம். பல்லி தின்ற கரப்பானின் குடலிலும் ஊசிப்புழுக்கள் உண்டு. அவற்றின் முட்டை பல்லி வயிற்றில் செரிக்காமல் அப்படியே வெளியே வரும். அதே வீட்டுக் கரப்பானின் குடலையும் பார்த்து ஒப்பிடுங்கள். முட்டைக்குள் கொக்கி போட்ட குட்டிக் கால்கள் தெரிந்தால் அது ரெய்லியெட்டியெல்லா. பல்லியின் நுரையீரலில் வாழ்வது. பார்க்கப் புழு, பிறப்பில் இறால் நண்டு வகையறா!

இந்த இடத்தில்தான் நேரம் செலவிட வேண்டும்: ஒட்டுண்ணி ஒரு பல்லியிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறது? ரெய்லியெட்டியெல்லா கரப்பான் வழியாக வருகிறது. கரப்பானைத் தின்னும் எந்தப் பல்லிக்கும் அது வரலாம் என்பதால் ஓரினத்தோடு ஒட்டிக்கிடக்க அதற்குக் கட்டாயம் குறைவு. பல்லியின் சொந்த ஊசிப்புழுவுக்குக் கரப்பான் போல நடுவில் தங்கிவர வேறு உயிர் கிடையாது, எச்சத்திலிருந்து நேராக வாய்க்கு. அது பல்லிக் குலத்தோடு கூடவே பிரிந்து போக வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரே லைட்டடியில் இரண்டு இனப் பல்லிகள் நின்றால் அந்த வேலியும் ஓட்டைதான்.

பிறகு, எந்த இனம் எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் இரண்டு குடும்ப மரங்களை டிஎன்ஏ வைத்து வரைய வேண்டும். முட்டையின் உருவத்தை மட்டும் நம்பி இனம் சொல்ல முடியாது. இடப்பக்கம் பல்லி, வலப்பக்கம் புழு, நடுவே இணைப்புக் கோடுகள். ஒரே பல்லியில் இரண்டு புழு இனம் இருந்தால் இரண்டு கோடும் போடுங்கள். 1963-ல் ஷாட் என்பவர் ஒரே நில ஆமையின் பெருங்குடலை நெருங்கிய ஊசிப்புழு இனங்கள் இடம் பிரித்துக்கொண்டு வாழ்வதைக் காட்டினார்.

புழு மரம் அது தங்கும் உயிரின் மரத்தைப் போலவே இருக்கும் என்பது ஃபாரென்ஹோல்ஸ் என்ற ஆய்வாளர் பெயரில் வழங்கும் விதி. மரங்கள் பொருந்தினாலும் பிரிந்த காலமும் பொருந்துகிறதா பாருங்கள். புழு வெகுநாள் கழித்து நெருங்கிய உறவுக்காரப் பல்லிகளுக்குள் தாவியிருந்தாலும் படம் அப்படியேதான் வரும்.

காலத்தைச் சோதிக்க நம் பாலக்காட்டுக் கணவாய் அருமையான இடம். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே இரு பக்கத்து மலைப் பல்லிகளையும் பிரித்து வைக்கும் சுமார் 30 கிலோமீட்டர் இடைவெளி. ஆனால் அதற்கு வீட்டுப் பல்லி உதவாது, லாரியில் ஏறி வாளையாரைத் தாண்டிவிடும். செக்போஸ்ட்டில் யாரும் நிறுத்துவதில்லை. மலையை விட்டு இறங்காத பல்லிகள் வேண்டும். அதற்கு வனத்துறை அனுமதி கேட்டு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கிடைக்கும் புழுக்களை ஃபார்மலினில் போடாதீர்கள், டிஎன்ஏ கெடும். 95 சத எத்தனால்.