கொழும்புக்கு ஷோ பாக்க வாறீங்களா? பகலை இப்பிடிச் சுத்துங்கோ

யாழ்ப்பாணத்தில இரவு பஸ் ஏறினா விடியக்காலமை வெள்ளவத்தையில இறக்கி விடுவாங்கள், ஷோ தொடங்கிறது இரவு. அந்தப் பகல் முழுக்க ரூமில போனை நோண்டிக்கொண்டு கிடக்காதேங்கோ, கொழும்பில எங்கட ஆக்கள் கட்டாயம் பாக்கவேண்டிய இடங்கள் நிறைய இருக்கு.

முதல்ல, ஷோ எங்க நடக்குது எண்டு பாருங்கோ. நாள் முழுக்கப் போற ரூட் அதில தான் இருக்கு. ஹோலுக்குத் தூரமான இடத்தில காலமை தொடங்கி, பின்னேரம் ஹோலுக்குக் கிட்ட வந்து முடியிற மாதிரிப் போடுங்கோ. ஒபிஸ் விடுற நேரத்தில காலி வீதியில மாட்டினீங்கள் எண்டா முதல் பாட்டு போயிடும். தாமரைத் தடாகம் (நெலும் பொக்குண) அரங்கில ஷோ எண்டா புறக்கோட்டையில தொடங்குங்கோ. சுகததாச உள்ளரங்கு எண்டா அப்பிடியே திருப்பிப் போடுங்கோ, காலமை தேசிய மியூசியம், பின்னேரம் கொட்டாஞ்சேனைப் பக்கம்.

நான் தாமரைத் தடாகம் எண்டு வச்சுச் சொல்லுறன். பையை ரூமிலயோ சொந்தக்காரர் வீட்டிலயோ வச்சிட்டு, குளிச்சு, வெள்ளவத்தையில ஒரு சைவக்கடையில தோசையும் சம்பலும் சாப்பிட்டிட்டு, கோட்டைக்கு ரயில் எடுங்கோ. 100, 101 பஸ்ஸும் போகும் தான், ஆனா ரயில் கடற்கரையை ஒட்டியே போகும், இடப்பக்கம் நிண்டா கடல் கண்ணுக்கு முன்னால. ஒபிஸ் சனத்துக்கு முதல் ஏறினா ஆறுதலாப் பாக்கலாம்.

கோட்டையில இறங்கிப் புறக்கோட்டைக்கு நடவுங்கோ. ரெண்டாம் குறுக்குத் தெருவில சிவப்புப் பள்ளிவாசல், 1909 இல கட்டி முடிச்சது, சிவப்பும் வெள்ளையுமாக் கோடு கோடா நிக்கும். அங்கயிருந்து செட்டியார் தெரு, ரெண்டு பக்கமும் நகைக்கடை, நடுவில பழைய கதிரேசன் கோயிலும் புதுக் கதிரேசன் கோயிலும். ஆடி வேல் விழாவுக்குத் தேர் வெளிக்கிடுறது இந்தத் தெருவில இருந்து தான். இன்னும் நடக்க ஏலுமெண்டா கொச்சிக்கடைக்குப் போங்கோ, பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கு, சேர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில கட்டுவிச்சது. வெளியில எவ்வளவு வெய்யில் எண்டாலும் உள்ள கால் வச்ச உடன குளிரும். மத்தியானம் கோயில் பூட்டிப்போடுவினம், அதனால தான் இந்தப் பக்கத்தைக் காலமையிலயே முடிக்கச் சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை எண்டா புறக்கோட்டையில கனக்கக் கடை பூட்டு, அதையும் யோசிச்சுக்கொள்ளுங்கோ.

மத்தியான வெய்யிலுக்கு மியூசியம் தான் சரி. புறக்கோட்டையில 138 பஸ் ஏறினா கிட்ட இறங்கலாம். 1877 இல திறந்த வெள்ளைக் கட்டடம். கண்டியின்ர கடைசி அரசன்ர சிம்மாசனம் இருக்கு, இங்கிலாந்தில கிடந்து 1934 இல திரும்பி வந்தது. அதைப் பாத்திட்டு அப்பிடியே வெளிய வந்திடாதேங்கோ, மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப்பிடியுங்கோ. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல்லு, 1409 ஆம் ஆண்டு பொறிச்சது, சீனம், தமிழ், பாரசீகம் மூண்டும் ஒரே கல்லில. சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு, தமிழ்ப் பகுதி தெவிநுவரையில கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனார் எண்ட கடவுளுக்கு. 1911 இல காலியில ஒரு மதகுக்கு மேல மூடியாக் கிடந்ததைத் தான் கண்டெடுத்தவை. கிட்டப் போய்க் குனிஞ்சு பாருங்கோ, எழுத்து தேஞ்சு தான் இருக்கு, ஆனா அறுநூறு வருசத்துக்கு முதல் சீனாக்காரர் இந்தக் கரைக்குத் தமிழில எழுதிக் கொண்டுவந்திருக்கினம் எண்டு நினைக்க எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர் கூச்செறியும். பிள்ளையளோட வாறவை கட்டாயம் காட்டுங்கோ.

தாமரைக் கோபுரத்தில ஏற ஆசையெண்டா ஏறுங்கோ, 350 மீற்றருக்குக் கிட்ட, ஆனா அதுக்கே ஒரு பின்னேரம் போயிடும், எனக்கெண்டா கீழ இருந்து பாத்தாலே காணும். காலிமுகத்திடல்ல பொழுதுபடக் கடல் பாத்து இறால் வடை சாப்பிடாமப் போகக்கூடாது தான். சுடச்சுட வடை, மேல முழு இறால், வெங்காயமும் காரச் சாறும் ஊத்தித் தருவினம். ஆனா ஆறு மணி ஷோ எண்டா அதை அடுத்தநாளுக்கு விடுங்கோ, இல்லாட்டி மியூசியத்தில இருந்து மூண்டு மணிக்கே ஓட்டோ பிடிச்சுப் போய்ச் சாப்பிட்டிட்டு உடன திரும்புங்கோ.

இல்லாட்டி மியூசியத்தில இருந்து நடந்து விஹாரமகாதேவி பூங்காவில மரநிழல்ல ஒரு மணித்தியாலம் காலை நீட்டுங்கோ, ஹோல் பக்கத்தில தான். பகல் முழுக்க நடந்த கால், இரவும் நிக்கவேணும். தண்ணி குடியுங்கோ, போனைச் சார்ஜ் பண்ணுங்கோ, ரிக்கெட்டை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ, வாசல்ல சனம் கூடினா டேட்டா இழுக்காது. பெரிய பை கொண்டுபோகாதேங்கோ.

ஷோ முடிஞ்ச உடன எல்லாரும் ஒரே நேரத்தில பிக்மீ ஆப்பில வண்டி கூப்பிடுவினம், விலை ஏறும், வண்டியும் வராது. ஒரு பத்து நிமிசம் பெரிய ரோட்டுப் பக்கமா நடந்துபோய் அங்க நிண்டு கூப்பிடுங்கோ. தனியா வாற பிள்ளையள் ஷோவுக்குள்ள போக முதலே ஆரோட திரும்பிறது எண்டு கதைச்சு முடிவெடுத்து வையுங்கோ.