192.168.4.1 திறக்கவில்லையா? மொபைல் டேட்டாவை அணையுங்கள்

போனிலிருந்து விளக்கை இயக்க உதவும் சின்ன வைஃபை போர்டு நோட்எம்சியூ (NodeMCU). அதன் சொந்த வைஃபையில் போன் சேர்ந்தும், பிரௌசரில் போர்டின் முகவரியான 192.168.4.1 திறக்காவிட்டால், ஒயரில் கை வைக்காதீர்கள்; முதலில் மொபைல் டேட்டாவை அணையுங்கள். அந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று தெரிந்ததும் ஆண்ட்ராய்டு போன் பெரும்பாலும் பிரௌசரை டேட்டா பக்கம் திருப்பிவிடும். கட்டளை போர்டுக்குப் போகவே போகாது. முகவரிக்கு முன் http:// என்றும் அடியுங்கள். அது 'எஸ்' சேர்ந்து https:// ஆனால் திறக்காது.

ராயபுரம் மொட்டைமாடியில் தொங்கும் கிறிஸ்துமஸ் ஸ்டார் மாதிரி, வீட்டு ரௌட்டர் எட்டாத விளக்குக்கு இந்த இணைப்புதான் வசதி. போர்டின் புரோகிராமில் மாற்றி எழுதாவிட்டால் ஒரே நேரத்தில் 4 போன்தான் சேரும், ஐந்தாவது ஆள் காத்திருக்க வேண்டியதுதான்.

போர்டும் போனும் வீட்டு ரௌட்டரிலேயே இருந்தால் இது தேவையில்லை; அங்கே முகவரியை ரௌட்டர் கொடுக்கும். வைஃபைக்குப் பதில் எச்.சி-05 (HC-05) என்ற ப்ளூடூத் மாட்யூலைப் பயன்படுத்தினாலும் இது பொருந்தாது.